ஓரத்தில் போட்ட கோடுகள்

நம் நெடுஞ்சாலைத் துறைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் ஒரு தம்பி, போன வாரம் என்னைப் பார்க்க வந்தார். வேலையில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம். காபியைக் குடித்து முடித்துவிட்டு, "சார், நீங்க போட்ட ரோட்டுலயே உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?" என்று கேட்டார். நான் மலைப்பக்கம் போட்ட ஒரு சாலையைச் சொன்னேன். அவரும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் எனக்கு மனசு உறுத்த ஆரம்பித்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் ரோடு போட்டவன், ஒரு புது ஆளிடம் நல்லதை மட்டும் சொல்லிப் பூசி மெழுகி அனுப்பிவிட்டேனே என்று.

அதனால் இதை எழுதுகிறேன். இது எனக்குப் பிடித்த ரோடு இல்லை. சங்கரன்கோவிலில் போட்ட பைபாஸ். அந்த ரோட்டில் பஸ்ஸில் போக நேர்ந்தால் இன்றைக்கும் ஒரு இடம் வரும்போது கண்ணை மூடிக்கொள்கிற ஆள் நான். ஜல்லி, தார், வளைவு, சரிவு பற்றியெல்லாம் இங்கே ஒன்றும் சொல்லப் போவதில்லை. அது உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, என்னைவிட உங்களுக்குக் கூடவே தெரியும். நான் சொல்லப்போவது ஒரு ஃபாரத்தைப் பற்றி.

எழுபதுகளின் கடைசியில் நான் சங்கரன்கோவிலில் ஜூனியர் இன்ஜினியர். இருபத்தாறு வயசு. ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு திரிவேன். எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் அன்று முழுவதும் சோறு இறங்காது. அப்படி ஒரு வயசு, அப்படி ஒரு திமிர்.

அப்போது வடக்கே ராஜபாளையம் போகிற லாரியும் சரி, தெற்கே திருநெல்வேலி போகிற பஸ்ஸும் சரி, ஊருக்குள் நுழைந்துதான் வெளியே வரவேண்டும். பூ மார்க்கெட் பக்கம் காலையில் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போக முடியாது. கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். திருவேங்கடம், ராயகிரி, மேலநீலிதநல்லூர் என்று சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிடும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட லாரிக்காரன் ஹாரனை அடித்து அடித்து, கடைசியில் வண்டியை நிறுத்திவிட்டு அவனும் சாமி கும்பிடப் போய்விடுவான். ஊரைச் சுற்றி ஒரு ரோடு வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள், தறிக்காரர்கள் கேட்டார்கள், பஸ் டிரைவர்கள் கேட்டார்கள். ஊரே கேட்ட ரோடு அது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ரோடு வயல் வழியாகப் போகவேண்டும் என்று கோடு கிழித்தாயிற்று. அந்தக் கோடு குறுக்கே வெட்டுகிற ஒவ்வொரு பாதையிலும் ஆளை உட்காரவைத்து ஏழு நாள் வண்டிகளை எண்ண வேண்டும். அதற்கு ஒரு ஃபாரம் உண்டு. பஸ், லாரி, கார், மோட்டார் சைக்கிள், மாட்டு வண்டி, சைக்கிள் என்று கட்டம் போட்டிருக்கும். ஒரு வண்டி போனால் ஒரு கோடு. நாலு கோடு ஆனதும் அஞ்சாவதைக் குறுக்கே போட்டுக் கட்டிவிட வேண்டும். கோடு நிறைய இருந்தால் அந்தப் பாதைக்கு ரோட்டுக்குக் கீழே போக ஒரு வழி விடுவார்கள். இல்லையென்றால் விடமாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

எண்ணுவதற்கு எங்கள் கேங் ஆட்களைத்தான் அனுப்பினேன். ரோட்டில் பள்ளம் மூடுவது, ஓடை வெட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. எட்டுப் பேர், அவர்களுக்கு ஒரு மேஸ்திரி. அந்த மேஸ்திரியின் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் பிள்ளைகள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர், எழுத்து அச்சு மாதிரி இருக்கும். என்னைவிட இருபத்தைந்து வயசு மூத்தவர். ஆனால் நான் அவரை 'வே' என்று கூப்பிடுவேன், அவர் என்னை 'சார்' என்பார். அந்தக் காலத்து ஆபீஸ் அப்படி. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஊருக்கு மேற்கே, குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். மேஸ்திரிக்கு அதுதான் ஊர். அங்கிருந்து வயக்காட்டு நடுவே ஒரு பாதை வந்து டவுனில் ஏறும். மழை பெய்தால் மாட்டு வண்டி அச்சுவரை புதைந்துவிடும் என்பதால் வண்டிக்காரர்கள் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போவார்கள். இந்தப் பாதையை எண்ணும் வேலையை மேஸ்திரி தானே வைத்துக்கொண்டார். "எங்க ஊருப் பாதை சார், நானே உக்காந்துக்கிடுதேன்" என்றார்.

எட்டாவது நாள் ஏழு தாளையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எடுத்துப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டங்களெல்லாம் காலி. ஓரத்தில் விட்டிருந்த வெள்ளை இடம் முழுக்கப் பென்சில் கோடு. மேலே தொடங்கி, பக்கவாட்டில் இறங்கி, கீழேயும் வளைந்து போயிருந்தது.

"என்னவே இது? ஓரமெல்லாம் கோழி கிண்டுன மாதிரி இருக்கு."

"நடந்து போறவுக சார்."

"நடந்து போறவுகள எண்ணச் சொல்லி யாருவே சொன்னா?"

"யாரும் சொல்லல சார். வெள்ளன அஞ்சு மணிக்கெல்லாம் பூக்கூடையோட வரிசையா வாராவ. பூவ மார்க்கெட்ல போட்டுட்டு எட்டு மணிக்குத் திரும்புதாவ. நான் அங்கன நோட்டும் கையுமா உக்காந்திருக்கேன். கண்ணு முன்னால போறவுகள எப்படி சார் விடுறது? கட்டத்துல இடமில்ல. அதான் ஓரத்துல போட்டேன்."

"கட்டம் இல்லேன்னா எழுத வேண்டாம்னு அர்த்தம். திங்கக்கிழமை மீட்டிங்கு. இதக் கொண்டு போனா மேலதிகாரி எம் மூஞ்சிலேயே எறிவாரு. நல்ல தாள் தாரேன், ஓரம் சுத்தமா இருக்கிற மாதிரி திருப்பி எழுதிக் கொண்டாரும்."

அவர் தாளை எடுக்கவில்லை.

"சார், இந்தப் பாதையில வண்டி இல்ல. நடக்கிறவுகளையும் விட்டுட்டோம்னா, ஒருத்தருமே போகாத பாதைன்னுல்லா ஆயிரும்?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, அவர் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. புரியவும் செய்தது. அன்று வெள்ளிக்கிழமை. இன்னும் நான்கு பாதைகளின் தாள் பாக்கி. மேலதிகாரி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். அவரிடம் போய், 'ஐயா, ஃபாரத்தில் கட்டம் இல்லை, ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் ஒன்றும் பூதம் இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பார். நான் கேட்கவே இல்லை. "சொன்னதச் செய்யும்வே" என்று புதுத் தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

மேஸ்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஏழு தாளையும் திரும்ப எழுதினார். ஏழு நாளைக்குமாகச் சேர்த்து இரண்டு மாட்டு வண்டி, கொஞ்சம் சைக்கிள். ஓரம் பளிச்சென்று இருந்தது. அந்தப் பாதையின் பெயருக்கு நேரே, 'குறிப்பிடத்தக்க போக்குவரத்து இல்லை' என்று நான் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழைய தாள்களை வீசவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் கணக்குப் போட ஆகும் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். அப்போதெல்லாம் ஆபீஸில் நல்ல தாளுக்குப் பஞ்சம்.

இரண்டு வருஷம் கழித்து வேலை தொடங்கியது. அந்த இடம் குளத்துப் பாசன வயல், தாழ்ந்த பூமி. அதனால் ஓர் ஆள் உயரத்துக்கு மண் கரை கட்டி அதன் மேல்தான் ரோடு. பாதை வந்து கரையில் முட்டி நின்றுவிட்டது. அங்கே தண்ணீர் போக ஒரே ஒரு சிமெண்டுக் குழாய். ஆடு நுழையலாம், ஆள் நுழைய முடியாது.

குழாய் வந்து இறங்கிய அன்று மேஸ்திரி என்னிடம் வந்தார். சுற்றி ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தார்.

"சார், தப்பா நெனைக்கக் கூடாது. இந்தக் குழாய்க்குப் பதிலா ரெண்டு பக்கமும் சொவரு கட்டி மேல பலகை போட்டா, கூடைய இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு ஆளு குனிஞ்சு போயிருவாக. தண்ணியும் போகும்."

"இப்பப் போயி மாத்தணும்னா ஃபைலு திரும்ப மேல போகணும்வே. காரணம் கேப்பாக. என்ன காரணம்னு எழுத?"

காரணம் என் மேசை டிராயரில் கிடந்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அதை எடுத்து வைத்தால் 'ஆள் இல்லை' என்று எழுதிக் கொடுத்தவன் நான்தானே என்று ஆகிவிடும். நான் போட்ட கையெழுத்தை நானே பொய் என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. "பழகிரும்வே, பார்த்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டேன். குழாயின் கணக்கை அன்று மத்தியானம் போட்டு முடித்தேன். எந்தத் தாளின் பின்பக்கத்தில் போட்டேன் என்று நினைக்கிறீர்கள்? அந்த ஏழு தாளில்தான்.

மேஸ்திரியின் வீட்டுக்காரி பெயர் செல்லத்தாய். பூக்கூடைக்காரிகளில் முன்னால் வருகிற ஆள் அவர்தான். நல்ல வாய். கரை பாதி ஏறியிருந்த சமயம் ஒரு நாள் காலையில் நான் நின்றுகொண்டிருக்கிறேன், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் சார், ரோட்ட இம்புட்டு ஒசரத்துல போட்டிருக்கிய, நாங்க மேல வர ஏணி தருவியளா, இல்ல ரெக்கை தருவியளா?"

கேங் ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும், "ஏட்டி, சும்மா போட்டி அங்கிட்டு" என்று அதட்டினார். அந்த அம்மாள் விடுகிற மாதிரி இல்லை.

"அவுக கெடக்காவ சார். ஒங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலேல்லா? பொண்ணு பார்க்கப் போகும்போது சொல்லுங்க, பிச்சிப்பூ நான் தாரேன். ஆனா ஏணி போட்டாத்தான் தருவேன்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு நாள் ஏறி இறங்குனா பழகிரும்மா" என்றேன். அவர் கூடையை ஒரு கையால் பிடித்து, மறுகையை மண்ணில் ஊன்றி, முட்டி போட்டு ஏறினார். பின்னால் வந்த ஏழெட்டுப் பெண்களும் அப்படியே ஏறினார்கள். ஒருத்தி வழுக்கி இறங்கி, மறுபடியும் ஏறினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மேஸ்திரி மறுபடி வந்தார். "சார், மிஞ்சின கல்லு கெடக்கு. வேல முடிஞ்சப்புறம் நானா ரெண்டு பக்கமும் படி மாதிரி வச்சிருதேன். ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்றார். வரைபடத்தில் படி கிடையாது. ஆனால் எனக்கு உள்ளுக்குள் இருந்த உறுத்தலுக்கு அது நல்ல மருந்தாகப் பட்டது. "வச்சுக்கோரும், யாராவது கேட்டா நான் பார்த்துக்கிடுதேன்" என்றேன். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தர்மம் பண்ணிவிட்டவன் போல அன்று சாயங்காலம் இரண்டு பஜ்ஜி கூடுதலாகத் தின்றேன்.

ஒரு வாரம் பொழுது சாயும்வரை இருந்து அவர் அந்தப் படிகளை வைத்தார். ஒவ்வொரு கல்லையும் மிதித்துப் பார்த்து, ஆடினால் எடுத்துத் திரும்பப் பதித்தார். கூடையோடு ஏறுகிறவர்களுக்குத் தோதாகப் படி உயரத்தைக் குறைத்து வைத்திருந்தார். பக்கத்துக்கு ஒன்பது படி. நான் அதைவிட ஒழுங்கான படிக்கட்டைக் காண்ட்ராக்டர் போட்ட எந்த வேலையிலும் பார்த்ததில்லை.

ரோடு திறந்தார்கள். ஊருக்கே சந்தோஷம். பூ மார்க்கெட் பக்கம் ஆட்கள் தாராளமாக நடந்தார்கள். கடைக்காரர்கள் எங்களைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள், எனக்கும் ஒன்று விழுந்தது. அந்த வருஷத் தபசில் ஒரு லாரி கூட ஊருக்குள் வரவில்லை. எனக்குப் பெண்ணும் அமைந்தது. கல்யாணத்துக்குச் செல்லத்தாய் சொன்னபடி ஒரு பந்து பிச்சிப்பூவைக் கொடுத்தனுப்பினார். 'ஏணி போட்ட சாருக்கு' என்று சொல்லிக் கொடுத்தாராம்.

அதன் பிறகு வந்தது மார்கழி. மார்கழியில் பூவுக்குக் கிராக்கி, பெண்கள் இன்னும் வெள்ளன கிளம்புவார்கள். குளத்துப் பக்கம் பனி வேறு. லாரிகளோ, ஊருக்குள் ஊர்ந்த காலம் போய், பைபாஸில் விரட்டிக்கொண்டு போகும். கரைக்குக் கீழே படியில் வருகிற ஆள் ரோட்டில் நிற்கிறவனுக்குத் தெரியாது. தலை தெரிகிறபோது கால் தாரில் இருக்கும்.

விடிந்தும் விடியாத நேரம். கேங் ஆட்கள் டவுனில் எங்கள் ஷெட்டில் கூடியிருந்தார்கள். சைக்கிளில் ஒருவன் வந்து, "பைபாஸ்ல ஆக்சிடெண்டு, யாரோ பொம்பள அடிபட்டுக் கெடக்காவ, மண்ணு போடணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ரோட்டில் ரத்தம் கிடந்தால் வண்டி வழுக்கும் என்று மண் தூவுவது எங்கள் வழக்கம். அது கேங் வேலை. மேஸ்திரி இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு, தானே ஒரு கூடை மண்ணைத் தலையில் எடுத்துக்கொண்டு போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் அந்த மண் கூடையைக் கையில் பிடித்தபடி நின்றார். ரோட்டில் கிடந்தவர் செல்லத்தாய். அதைக் கீழே வைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வாங்கி வைக்க எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. லாரி டிரைவர் ரோட்டோரம் தலையில் கைவைத்து உட்கார்ந்து, "தெரியவே இல்லியே, திடீர்னு வந்துட்டாகளே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட வந்த பெண்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த இடத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

விபத்து அறிக்கை என்று ஒரு ஃபாரம் உண்டு, உங்களுக்கும் தெரியும். அதில் இறந்தவர் வந்த வாகனம் என்று ஒரு கட்டம். 'இல்லை' என்று எழுதினேன்.

ஒரு மாதத்தில் விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். இடத்தைப் பார்த்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் படி வரைபடத்தில் இல்லையே, இதை யார் வைத்தது?"

மேஸ்திரி முன்னால் வந்தார். "நாந்தான் சார் வச்சேன்."

"யாரைக் கேட்டு வச்சீர்?"

"யாரையும் கேக்கல சார். பொம்பளைய ஏற முடியாமத் தவங்குனாவ. நானா வச்சேன்."

நான் மூன்றடி தள்ளி நின்றேன். 'யாராவது கேட்டா நான் பார்த்துக்கிடுதேன்' என்று சொன்ன அதே வாய் எனக்கு இருந்தது. அதைத் திறக்கவில்லை. வீட்டில் மனைவி நாலு மாதக் கர்ப்பம், வேலை போனால் என்ன ஆவது என்று அப்போது மனசில் ஓடியது. இப்போது அதைச் சொல்வது சமாதானத்துக்காக இல்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். இந்தப் பாதையில் ஆட்கள் நடமாட்டம் இருந்ததா என்று அடுத்து என்னைக் கேட்டார்கள். பழைய அறிக்கையை எடுத்துக் காட்டினேன். 'குறிப்பிடத்தக்க போக்குவரத்து இல்லை.' கீழே என் கையெழுத்து.

அனுமதியில்லாமல் வைத்த படிதான் ஆட்களை ரோட்டுக்கு ஏற்றியது என்று முடிவாயிற்று. படிகளைப் பெயர்த்து எடுக்கச் சொன்னார்கள். மேஸ்திரியை இறக்கிச் சாதாரணக் கேங் ஆளாக ஆக்கினார்கள். அந்தப் படிகளைப் பெயர்த்த ஆட்களில் அவரும் ஒருவர். பெண்கள் இருபதடி தள்ளி, மறுபடியும் கையை மண்ணில் ஊன்றி ஏறினார்கள்.

அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் எனக்கு வெட்கமும் இருந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அவர் எதிரே வந்தால் நான் ஃபைலைப் புரட்டுவேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டே போவார். முன்பு அவர் அப்படிப் போகிறவர் இல்லை.

மூன்று வருஷம் இப்படியே போனது. எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. மேசையை ஒழிக்கும்போது அடியில் அந்த ஏழு தாளும் கிடைத்தன. பின்பக்கம் என் குழாய்க் கணக்கு. முன்பக்கம் ஓரமெல்லாம் அவருடைய பென்சில் கோடு. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு தாளிலும் கோடுகளின் தொடக்கத்தில் ஒரு சின்ன வட்டம். ஏழு தாளில் ஏழு வட்டம். வேலைக் கணக்கில் வட்டம் என்று ஒன்றும் கிடையாது.

எனக்கு அது என்னவென்று தெரிந்தே ஆகவேண்டும் போல இருந்தது. அன்று சாயங்காலம் தாள்களை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தவர் பதறி எழுந்தார். "வாங்க சார், வாங்க" என்று துண்டால் பெஞ்சைத் தட்டினார்.

தாளை நீட்டினேன். "மேஸ்திரி, இந்த வட்டம் என்னது? எல்லாத் தாள்லயும் ஒண்ணு இருக்கு."

தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"அது அவ சார்" என்றார். "எப்பவும் முன்னால வாரவ அவதான். மத்தவுகளுக்கெல்லாம் கோடு. வீட்டு ஆளுக்கும் கோடு போடுறதான்னு வட்டம் போட்டேன். சும்மா, ஒரு வெளையாட்டுக்கு."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "படியால இல்ல மேஸ்திரி. நீங்க எண்ணிக் கொடுத்தத அழிக்கச் சொன்னது நான். இந்தத் தாள அப்படியே அனுப்பியிருந்தா அங்கன கீழ்ப்பாலம் வந்திருக்கும். குழாய் வந்தப்பவும் நீங்க சொன்னிய, நான் கேக்கல. படி வச்சுக்கோரும்னு சொன்னதும் நான்தான். அவுக முன்னால நான் வாயத் தொறக்கல." வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் 'வே' போடாமல் பேசினேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். "ஒங்கள மாட்டிவிடக் கூடாதுன்னு நான் அப்படிச் சொல்லல. நாந்தான் படி வச்சு அவள லாரிக்கு முன்னால ஏத்திவிட்டேன்னு மூணு வருசமா நெனச்சிட்டுல்லா கெடக்கேன். நான் பெத்த புள்ளைய மொகத்த நேருக்கு நேரா பாத்துப் பேசல சார் நான்."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாளே ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்தேன். முடிந்த ஃபைலை எதற்குக் கிளறுகிறாய் என்று கோபித்தார்கள். கடைசியில் எனக்கு ஒரு மெமோ வந்தது. அவருக்கு மேஸ்திரி வேலை திரும்பக் கிடைத்தது, ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கும்போது. அந்த இடத்தில் ஆள் போகும் கீழ்ப்பாலம் ரொம்ப வருஷம் கழித்து வந்தது. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. அதைக் கட்டிய இன்ஜினியர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது, அவர் நன்றாக இருக்கட்டும்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர், 'இப்போதெல்லாம் ஃபாரம் மாறிவிட்டது சார்' என்பீர்கள். மாறியிருக்கும். எந்த ஃபாரத்திலும் கட்டம் இல்லாத ஆள் ஒருத்தர் இருப்பார். உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவர் அவரை ஓரத்தில் எழுதிக் கொண்டுவந்தால், அழிக்கச் சொல்லாதீர்கள். மீட்டிங் தள்ளிப் போனால் போகட்டும். தப்பு பண்ணிவிட்டால் அன்றைக்கே வாயைத் திறங்கள். நீங்கள் சும்மா இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பழியை வேறொருவர் தன்னுடையது என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு திரிவார்.

அன்று நான் கிளம்பும்போது மேஸ்திரி தாள்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வட்டத்தின் மேல் விரலை வைத்து எண்ணினார்.

"ஏழு நாளும் போயிருக்கா பாருங்க சார். ஒரு நாளு கூட நிக்கல."

"ஆமா" என்றேன்.

"இத நான் வச்சுக்கிடட்டுமா சார்? ஆபீஸ் தாளு, ஒண்ணும் சொல்ல மாட்டாகளே?"

வைத்துக்கொள்ளச் சொன்னேன். துண்டை விரித்து, தாள்களை ஓரம் மடங்காமல் அடுக்கி, அதில் வைத்துச் சுற்றினார். பின்பக்கம் என் கணக்கு இருந்தது. அதை அவர் திருப்பிப் பார்க்கவில்லை.